பச்சை விளக்கு எரிந்தால் போதுமா? யூபிஎஸ் நிலை மாறும் அந்தக் கணம்

ஸ்காபரோவில் எங்கள் வீட்டில் அம்மாவின் ஒட்சிசன் இயந்திரத்துக்கென்று ஒரு யூபிஎஸ் வாங்கி வைத்திருந்தோம். நான்கு வருடமாக அது கட்டிலுக்குக் கீழே பச்சை விளக்கோடு பேசாமல் கிடந்தது. ஒருநாள் இரவு தெரு முழுக்க மின்சாரம் நின்றது. பெட்டி ஒரேயொரு தடவை கீச்சிட்டது. அடுத்த கணம் அதுவும் இருண்டுவிட்டது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் சிலிண்டர் இருந்தது, தம்பி கைத்தொலைபேசி வெளிச்சத்தில் குழாயை மாற்றிப் பூட்டிவிட்டார். ஏழெட்டு நிமிடத்தில் மின்சாரமும் வந்தது. வந்தவுடன் அந்தப் பெட்டி மறுபடியும் அதே பச்சை விளக்கைக் காட்டியது. எங்களைப் பயமுறுத்தியது அதுதான்.

யூபிஎஸ் என்றால் பற்றரி உள்ள பெட்டி என்றே நாம் பலரும் நினைத்திருக்கிறோம். பற்றரி அதில் ஒரு பாதிதான். மற்றப் பாதி, எப்போது எந்த வழியால் மின்சாரத்தை விடுவது என்று தீர்மானிக்கும் சுற்று. அந்தத் தீர்மானம் ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்குக்குள் நடக்கவேண்டும். பெரும்பாலான யூபிஎஸ்கள் எம்மைக் கைவிடுவது பற்றரி ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அல்ல, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும் அந்தக் கணத்தில். ஆகவே அந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

கனடாவில் சுவரிலுள்ள பிளக்கில் வருவது 120 வோல்ற், 60 ஹேட்ஸ் ஆடலோட்டம். செக்கனுக்கு 60 தடவை அலை ஏறி இறங்குகிறது என்றால், ஒரு முழு அலைக்கு ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன். கொம்பியூட்டரின் பவர் சப்ளைக்குள் இருக்கும் கொள்ளளவிகள் கொஞ்சம் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். மின்சாரம் முற்றாக நின்றாலும் சுமார் 16 மில்லிசெக்கன் அவை தாக்குப்பிடிக்கும். யூபிஎஸ் செய்பவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். அதற்குள், மின்சாரம் உண்மையில் போய்விட்டதா அல்லது பக்கத்து வீட்டு ஏசி தொடங்கியதால் வந்த சின்னச் சரிவா என்பதைக் கண்டுபிடித்து, வழியையும் மாற்றிவிடவேண்டும்.

கடையில் நூறு டொலருக்குள் கிடைப்பது பெரும்பாலும் ஓஃப்லைன் அல்லது ஸ்டான்ட்பை வகை. இதில் வழமையான நேரத்தில் சுவர் மின்சாரம் நேரே உங்கள் கருவிக்குப் போகிறது. பற்றரி ஓரமாக இருந்து மின்னேறிக்கொண்டிருக்கும். பற்றரியின் நேரோட்டத்தை ஆடலோட்டமாக்கும் இன்வேர்ட்டர் நித்திரையில் இருக்கும். மின்சாரம் போனதும் சுற்று அதை உணர்ந்து, இன்வேர்ட்டரை எழுப்பி, ரிலே எனப்படும் சின்ன இயந்திரச் சுவிச்சை மறுபக்கம் தட்டுகிறது. நமக்குக் கேட்கும் 'டக்' என்ற சத்தம் அதுதான். இவ்வளவும் முடிய வழக்கமாக 4 முதல் 10 மில்லிசெக்கன் எடுக்கும். பதினாறுக்குள் பத்து என்பதால் கொம்பியூட்டர் அணையாது. ஆனால் அந்த 10 மில்லிசெக்கனும் கருவிக்கு மின்சாரம் இல்லை என்பது உண்மை. "தடையில்லா" என்று பெயர் வைத்தவர்கள் இதைப் பெரிதுபடுத்தவில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததும் இந்த இடத்தில்தான். ரிலே சரியாகத் தட்டியது, இன்வேர்ட்டரும் எழும்பியது. ஆனால் நான்கு வருடம் பழைய பற்றரியால் 350 வாற் சுமையை ஒரு கணமும் தாங்க முடியவில்லை. வோல்ற்றளவு சரிந்ததும் பெட்டி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. சுமை இல்லாதபோது அதே பற்றரி நல்ல வோல்ற்றளவைக் காட்டும். பச்சை விளக்கு சொன்னது பொய்யல்ல. சுவரில் மின்சாரம் இருக்கிறது என்று மட்டுமே அது சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் அதற்கு வேறு அர்த்தம் எடுத்திருந்தோம்.

அடுத்த வகை லைன் இன்ரறக்ரிவ். இதில் இடையில் ஒரு மாற்றி இருந்து, வோல்ற்றளவு குறைந்தால் கொஞ்சம் ஏற்றியும் கூடினால் கொஞ்சம் இறக்கியும் கொடுக்கும். பற்றரியைத் தொடாமலே இதைச் செய்வதுதான் இதன் சிறப்பு. இன்வேர்ட்டரும் சுவர் மின்சாரத்தோடு இணைந்தே நிற்பதால் பற்றரிக்கு மாறும் நேரமும் சற்றுக் குறைவு. ரொறன்ரோவில் வோல்ற்றளவு பெரும்பாலும் 110க்கும் 125க்கும் இடையில் நிற்கும் என்பதால் இந்த ஏற்றி இறக்கும் வேலையை இங்கே அதிகம் காணமாட்டீர்கள். ஊரில், மாலை ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டதும் மின்குமிழ் மங்கிப்போகும் ஒழுங்கையில் இருந்தவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

மூன்றாவதுதான் மருத்துவமனைகளிலும் தரவு நிலையங்களிலும் இருப்பது. ஒன்லைன் அல்லது இரட்டை மாற்றம் என்பார்கள். இதை விளங்கிக்கொள்ள ஊர் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியை நினைத்தால் போதும். கிணற்றிலிருந்து மோட்டர் தாங்கிக்கு நீரை ஏற்றுகிறது, வீட்டுக் குழாய்கள் எல்லாம் தாங்கியிலிருந்தே எடுக்கின்றன. மோட்டர் நின்றால் குளித்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது. இந்த யூபிஎஸ்ஸிலும் வருகிற ஆடலோட்டம் முழுவதும் முதலில் நேரோட்டமாகிறது. பற்றரி அந்த நேரோட்டத்தில் எப்போதும் இணைந்தே இருக்கிறது. பிறகு இன்வேர்ட்டர் புதிதாக ஓர் ஆடலோட்டத்தை உண்டாக்கி வெளியே விடுகிறது. சுவர் மின்சாரம் நின்றால் எந்தச் சுவிச்சும் மாறவேண்டியதில்லை. மாறும் நேரம் பூச்சியம்.

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் 62040-3 என்ற தரநியமம் இந்த மூன்றையும், வெளியே போகும் மின்சாரம் உள்ளே வரும் மின்சாரத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதை வைத்தே பிரிக்கிறது. வோல்ற்றளவும் மீடிறனும் இரண்டும் தங்கியிருப்பது முதல் வகை, மீடிறன் மட்டும் தங்கியிருப்பது இரண்டாவது, எதிலும் தங்கியிராதது மூன்றாவது. கடைக்காரர் சொல்லும் பெயர்களைவிட இந்தப் பிரிவு நேர்மையானது என்பது எமது எண்ணம்.

அப்படியானால் ஒன்லைன் யூபிஎஸ்ஸில் நிலைமாற்றம் என்ற பேச்சே இல்லையா? இருக்கிறது. இன்வேர்ட்டர் பழுதானால், அல்லது தாங்கமுடியாத சுமை வந்தால், அது பைபாஸ் என்ற மாற்றுவழிக்குப் போய்விடும். அதாவது இரட்டை மாற்றத்தை முழுவதும் சுற்றிக் கடந்து, சுவர் மின்சாரத்தை நேரே கருவிக்கு விடும். இங்கே ரிலேயின் வேகம் போதாது. தைரிஸ்டர் எனப்படும் குறைகடத்திச் சுவிச்சு ஓர் அலையின் கால் பங்குக்குள், 4 மில்லிசெக்கன் அளவில், வேலையை முடித்துவிடும்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இன்வேர்ட்டர் உண்டாக்கும் அலையும் சுவரிலிருந்து வரும் அலையும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கவேண்டும். ஓர் உரலில் இரண்டு பெண்கள் மாறி மாறி உலக்கை போட்டு மா இடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கை ஓய்ந்தவர் விலக, மூன்றாமவர் தன் உலக்கையோடு சேரும்போது, முதலில் தாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் உலக்கையை உரலுக்குள் விடுவார். தாளம் பிசகினால் உலக்கையும் உலக்கையும் மோதும். யூபிஎஸ்ஸும் நாள் முழுக்கச் சுவர் மின்சாரத்தின் தாளத்தைக் கேட்டு, தன் அலையை அதனோடு பொருத்திக்கொண்டே இருக்கிறது. சுவர் மின்சாரத்தின் மீடிறன் எல்லை தாண்டிப் போனால் அது பொருத்துவதை விட்டுவிட்டு, தன் சொந்தத் தாளத்தில் ஓடும். பைபாஸ் வழியையும் பூட்டிவிடும்.

பைபாஸில் ஆபத்து, அங்கே எல்லாம் நன்றாக நடப்பதுபோல் தெரிவதில் இருக்கிறது. விளக்கு எரியும், கொம்பியூட்டர் ஓடும், கடையின் காசுப்பெட்டி வேலை செய்யும். பெட்டியின் முன்பக்கத்தில் பச்சைக்குப் பதிலாகச் செம்மஞ்சள் நிற விளக்கொன்று எரியும், அவ்வளவுதான். உதாரணத்துக்கு ஒரு பலசரக்குக் கடையை எடுங்கள். யாரோ ஒரு சின்னக் குளிர்பெட்டியைக் கொண்டுவந்து யூபிஎஸ் பிளக்கில் செருகுகிறார். சுமை கூடுகிறது, யூபிஎஸ் பைபாஸுக்குப் போகிறது, கீச்சிடுகிறது. அந்தச் சத்தம் தொல்லையாக இருக்க ஒருவர் பொத்தானை அமத்தி நிறுத்திவிடுகிறார். பல மாதத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை மாலை மின்சாரம் நிற்கிறது. கடை நிறைய ஆட்கள், காசுப்பெட்டி எல்லாம் ஒரேயடியாக இருள்கின்றன. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய யூபிஎஸ் அத்தனை மாதமும் ஒரு நீட்டிப்பு வயராகத்தான் இருந்திருக்கிறது.

பெரிய யூபிஎஸ்களில் ஈகோ நிலை என்று இன்னொன்று உண்டு. இரட்டை மாற்றத்தில் சில வீதம் மின்சாரம் வெப்பமாக வீணாகிறது. அதை மிச்சம் பிடிக்க, வேண்டுமென்றே பைபாஸ் வழியால் மின்சாரத்தை விட்டுக்கொண்டு, பிரச்சினை வந்தால் மட்டும் இன்வேர்ட்டருக்கு மாறும் ஏற்பாடு. மின்கட்டணம் குறையும் என்பது உண்மை. ஆனால் ஒன்லைன் என்று விலை கொடுத்து வாங்கியதை ஓஃப்லைன்போல ஓடவிடுவதற்கு வைத்த அழகான பெயர் இது என்றே எங்களுக்குப் படுகிறது. வாங்கிய பெட்டி எந்த நிலையில் அமைக்கப்பட்டு வந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

போவதைப் போலவே திரும்பி வருவதும் ஒரு நிலைமாற்றம். மின்சாரம் வந்த உடனே யூபிஎஸ் அதற்குத் தாவாது. சில செக்கன்கள் காத்திருந்து, வோல்ற்றளவும் மீடிறனும் நிலையாக நிற்கின்றனவா என்று பார்த்து, தாளத்தையும் பொருத்திக்கொண்டுதான் திரும்பும். ஊரில் தோட்டத்துக்கு இறைக்கும் மண்ணெண்ணெய் மெஷினை நினைத்துப் பாருங்கள். கொஞ்சம் பெற்றோலில் தொடக்கி, மெஷின் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்குத் திருப்புவோம். அவசரப்பட்டுத் திருப்பினால் இருமிவிட்டு நின்றுவிடும், பிறகு கயிறு இழுத்தே கை ஓய்ந்துவிடும். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்களும் சில துளி பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஓர் எரிபொருளிலிருந்து இன்னொன்றுக்கு எப்போது மாறுவது என்பதை அந்த நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிந்திருந்தார்கள்.

ஜெனரேற்றர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் திரும்பி வருதலில் ஒரு சிக்கல் வரும். சின்ன ஜெனரேற்றரில் குளிர்சாதனப்பெட்டி தொடங்கும்போது இயந்திரம் ஒருகணம் திணறும், மீடிறனும் வோல்ற்றளவும் ஆடும். யூபிஎஸ் அதைப் பார்த்து, 'இது நல்ல மின்சாரம் இல்லை' என்று பற்றரியிலேயே நின்றுவிடும். வெளியே ஜெனரேற்றர் சத்தமாக ஓடிக்கொண்டிருக்க உள்ளே பற்றரி தீர்ந்து எல்லாம் அணையும். பல யூபிஎஸ்களில் உணர்திறனைக் குறைக்க ஓர் அமைப்பு உண்டு. இன்வேர்ட்டர் வகை ஜெனரேற்றர் என்றால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. எந்த வகையாக இருந்தாலும் கராஜுக்குள்ளோ பேஸ்மென்ற் வாசலிலோ ஜெனரேற்றரை ஓட்டவேண்டாம். 2013 பனிமழைப் புயலின்போது ஒன்ராறியோவில் காபன் மொனொக்சைட்டு உயிர்களைப் பறித்தது.

அந்தப் புயலை எம்மவர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். டிசெம்பர் 21 இரவு தொடங்கிய உறைமழையில் மரங்கள் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் மின்கம்பிகள்மேல் முறிந்தன. ரொறன்ரோ ஹைட்ரோவின் ஏறத்தாழ 3 லட்சம் வாடிக்கையாளர்கள் இருளில் இருந்தார்கள். ஸ்காபரோ மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று, நத்தார் கழிந்த பிறகும் மின்சாரம் வராத வீடுகள் இருந்தன. அதே வருடம் யூலை 8 வெள்ளத்திலும் நகரத்தின் பெரும்பகுதி இருண்டது. இப்படி நாட்கணக்கில் நிற்கும் மின்தடைக்கு யூபிஎஸ் மருந்தல்ல. ஜெனரேற்றர் தொடங்கும்வரை, அல்லது சிலிண்டரை மாற்றிப் பூட்டும்வரை பாலம்போல நிற்பதே அதன் வேலை.

மருத்துவமனையில் சிவப்பு நிறப் பிளக்குகளைக் கவனித்திருப்பீர்கள். அவை ஜெனரேற்றரோடு இணைந்தவை. மின்சாரம் நின்றால் ஜெனரேற்றர் தொடங்கிச் சுமையை ஏற்கச் சில செக்கன்கள் ஆகும். அந்தச் சில செக்கன்களையும் இழக்கமுடியாத கருவிகளுக்கே அங்கு யூபிஎஸ். மாடிக் கட்டடங்களிலும் ஜெனரேற்றர் உண்டு. ஆனால் அது பொதுவாகத் தீயணைப்பு ஏற்பாடுகள், நடைபாதை விளக்கு, லிப்ட் போன்றவற்றுக்கானது. உங்கள் வீட்டுச் சுவர்ப் பிளக்குக்கு அதிலிருந்து ஒன்றும் வராது. மாடிக் குடியிருப்புகள் 72 மணித்தியாலம் தாங்கக்கூடிய மாற்று மின்சாரம் வைத்திருக்க வேண்டுமென்று ரொறன்ரோ நகரசபை 2016ல் வழிகாட்டி வெளியிட்டது. அது பரிந்துரைதான், கட்டாயமல்ல. எம்மில் பலர் முதலில் வந்திறங்கிய சென் ஜேம்ஸ் ரவுனுக்கு அருகே, 650 பாளிமென்ற் வீதிக் கட்டடத்தில் 2018 ஓகஸ்ற்றில் மின்கட்டமைப்பிலேயே தீப்பற்றி ஏறத்தாழ 1,500 பேர் ஒரு வருடத்துக்கும் மேலாக வெளியே இருக்கநேர்ந்தது. அப்படியானதற்கு எந்தப் பெட்டியும் பதில் சொல்லாது.

2003 ஓகஸ்ற் 14ஐயும் சொல்லவேண்டும். மாலை 4.10 அளவில் ஒன்ராறியோவும் அமெரிக்காவின் வடகிழக்கும் சேர்ந்து இருண்டன. ஏறத்தாழ 5 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். ஒஹாயோவில் மின்கம்பிகள் மரங்களில் தொட்டதில் தொடங்கியது என்பது தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள மின்நிறுவனத்தின் கட்டுப்பாட்டறையில் எச்சரிக்கை மணி அடிக்கும் மென்பொருள் பிற்பகல் 2.14க்கே செயலிழந்துவிட்டது. அது செயலிழந்தது ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக அங்கிருந்தவர்களுக்குத் தெரியாது. மணி அடிக்கவில்லை, ஆகவே எல்லாம் சரி என்று இருந்தார்கள். எங்கள் கட்டிலுக்குக் கீழே இருந்த பச்சை விளக்கும் அந்த வகைதான்.

அன்று பலரின் பழைய வயர்த் தொலைபேசி வேலை செய்தது. தொலைபேசி நிலையத்தில் 48 வோல்ற் பற்றரி எந்நேரமும் இணைப்பில் இருப்பதும், செப்புக் கம்பி வழியே அந்த மின்சாரமே வீட்டுக்கு வருவதும்தான் காரணம். அங்கே நிலைமாற்றம் என்பதே கிடையாது. இன்று வீட்டுத் தொலைபேசி இன்ரநெற் மோடத்தின் வழியால் போகிறது, மோடம் சுவர்ப் பிளக்கில் தங்கியிருக்கிறது. வயதானவர்கள் தனியே இருக்கும் வீட்டில் மோடத்துக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வைத்தால், அவசரத்துக்கு 911 அழைக்க வழியிருக்கும்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை நீங்களே கணக்குப் பார்க்கலாம். 1500 வீஏ என்று எழுதிய பெட்டியில் பொதுவாக 12 வோல்ற், 9 அம்பியர் மணி பற்றரி இரண்டு இருக்கும். பெருக்கினால் 216 வாற் மணி. வேகமாக இறக்கும்போது ஈய அமில பற்றரி அதில் பாதிக்குச் சற்று மேலேதான் தரும். 350 வாற் எடுக்கும் ஒட்சிசன் இயந்திரத்துக்கு அது புதிதாக இருக்கும்போதே இருபது நிமிடம் அளவில்தான். மோடத்துக்கு என்றால் சில மணித்தியாலம். நித்திரையில் மூச்சுத் தடைப்படுவோர் பாவிக்கும் சீபாப் இயந்திரத்தில் நீரைச் சூடாக்கும் பகுதியை நிறுத்திவிட்டால் நேரம் கணிசமாகக் கூடும், அதை நிறுத்தலாமா என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்சிசன் பாவிப்போர் மாற்றுச் சிலிண்டர் இல்லாமல் யூபிஎஸ்ஸை மட்டும் நம்பவேண்டாம். இயந்திரம் தருகிற நிறுவனத்திடமே சிலிண்டரைக் கேட்கலாம்.

பரிசோதிப்பது எப்படி? பல பெட்டிகளில் சோதனைப் பொத்தான் இருக்கிறது, மாதம் ஒருமுறை அமத்துங்கள். வருடத்துக்கு இரண்டு தடவையாவது உண்மையான சுமையோடு பாருங்கள். உயிர்காக்கும் கருவியைக் கழற்றிவிட்டு, ஏறத்தாழ அதே வாற் எடுக்கும் வேறொன்றைச் செருகுங்கள். பழைய மின்குமிழ் மேசைவிளக்குகள் இரண்டு மூன்று நல்லது. சூடாக்கிகள், முடி உலர்த்தி, லேசர் பிரின்ரர் வேண்டாம். பிறகு பிளக்கை இழுக்காமல் பிரேக்கரை இறக்குங்கள். பிளக்கை இழுத்தால் நிலத்தொடுப்பும் சேர்ந்து அறுந்துவிடும். விளக்கு ஒரு இமை வெட்டி எரிந்துகொண்டே இருந்தால் சரி. பெட்டியின் பின்பக்கத்தில் சில பிளக்குகள் மின்னெழுச்சிப் பாதுகாப்புக்கு மட்டும் உரியவை, பற்றரியோடு தொடர்பில்லாதவை. அவற்றில் செருகிவிட்டு ஏமாந்தவர்கள் எமக்குத் தெரிந்தே சிலர். பற்றரியை மூன்று முதல் ஐந்து வருடத்தில் மாற்றவேண்டும், ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தால் அதற்கும் முன்பே. எங்கள் பெட்டியின் பற்றரியில் இப்போது மாற்றிய திகதியை மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

கடைசியாக, ஊருக்குப் பெட்டி கட்டுகிறவர்களுக்கு. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டதாக அமைச்சர் சொன்னார். இதையெல்லாம் கேட்டு இங்கிருந்து யூபிஎஸ் அனுப்ப நினைப்போர் உண்டு. அங்கே 230 வோல்ற், 50 ஹேட்ஸ். இங்குள்ள 120 வோல்ற் பெட்டியை நேரே செருகினால் அன்றைக்கே எரிந்துவிடும். இடையில் ட்ரான்ஸ்போமர் வைத்தால் வோல்ற்றளவு மாறும், மீடிறன் மாறாது. 50ஐ ஏற்காத பெட்டி அதைக் கெட்ட மின்சாரம் என்று எடுத்து, ஓயாமல் பற்றரியிலேயே நிற்கும். காசாக அனுப்பி, யாழ்ப்பாணத்திலேயே உத்தரவாதத்தோடு வாங்கச் சொல்வது செலவும் குறைவு, பழுதுபார்க்கவும் ஆள் இருக்கும்.